பார்த்த பொருளும் கேளாத பண்பும்

பழக்கடையில் மாம்பழம் தேர்ந்தெடுப்பவர் அதன் நிறத்தைப் பார்க்கிறார். பழுத்துவிட்டதா, இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டுமா என்பதை அந்நிறமே அவருக்குச் சொல்லிவிடும். பழத்தின் நீளமும் அது கிடந்த சாய்வும் அப்போது அவருக்குத் தேவையில்லை. ஆயினும் நிறம் தனியே மிதந்துகொண்டிருப்பதில்லை. நீளமும் வளைவும் சாய்வும் உடைய ஒரு பழத்தின்மேல்தான் படிந்திருக்கிறது. நிறத்தை மனத்தில் வாங்கும்போது உடன்வந்த ஏனைய பண்புகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றனவா? நுழைந்தால், தேவையான பண்புக்கு உரிய இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றனவா? உளவியலார் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் துருவிவரும் இவ்வினாக்களையே இவ்வுரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம். சொல்லட்டைகளுக்கு வண்ணம் தீட்டும் ஆசிரியருக்கும், வெண்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளும் மாணவருக்கும் இவை தொலைவில் உள்ள வினாக்கள் அல்ல.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நினைவு என்றவுடன் பாட்டி சொன்ன கதையும் பத்தாண்டுக்கு முன் படித்த செய்யுளும் நம் எண்ணத்தில் வருகின்றன. அவை நெடுங்கால நினைவைச் சேர்ந்தவை. இங்கு நாம் பேசுவது சில நொடிகள் மட்டும் வாழும் மற்றொரு நினைவைப் பற்றி. சாலையைக் கடக்குமுன் வலப்புறம் வரும் வண்டியைப் பார்த்துவிட்டு இடப்புறம் திரும்புகிறோம். திரும்பிய பின்னும் அவ்வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை மனம் பிடித்துவைத்திருக்கிறது. வேலை முடியும்வரை செய்தியைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கும் இவ்வாற்றலைச் செயல்நினைவு என்கிறோம். 1974ஆம் ஆண்டில் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் ஆகிய இரு பிரித்தானிய உளவியலார் இதற்கு வகுத்த மாதிரியில், ஒலிவடிவச் செய்திக்கு ஓர் அறையும் காட்சிவடிவச் செய்திக்கு மற்றோர் அறையும் இருந்தன. இரண்டாவதே நம் உரைக்குரிய காட்சிச் செயல்நினைவு.

இதன் கொள்ளளவு மிகச் சிறிது. எவ்வளவு சிறிது என்பதை அளந்துகாட்டிய ஆய்வுகளுள் பெரிதும் பேசப்பட்டது, 1997ஆம் ஆண்டில் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. ஆய்வு முறை எளியது. சில வண்ணச் சதுரங்கள் திரையில் பத்தில் ஒரு நொடி தோன்றி மறைகின்றன. ஏறத்தாழ ஒரு நொடி திரை வெறுமையாக இருக்கிறது. பின்னர் அச்சதுரங்கள் மீண்டும் வருகின்றன. ஒன்றின் நிறம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். மாறியதா இல்லையா என்பதைப் பார்ப்பவர் சொல்ல வேண்டும். சதுரங்கள் மூன்றுவரை இருந்தபோது பிழை அரிதாகவே நேர்ந்தது. நான்கைத் தாண்டியதும் விடைகள் தடுமாறத் தொடங்கின. நிறங்களின் பெயர்களைச் சிலர் மனத்துக்குள் சொல்லிச்சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும் அல்லவா? அதைத் தடுக்க ஒரு வழி செய்தார்கள். இரண்டு எண்களைக் கொடுத்து, சோதனை முடியும்வரை அவற்றையும் மனத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள். மொழியின் வாயைக் கட்டிய பின்னும் கொள்ளளவு ஏறத்தாழ நான்காகவே இருந்தது. மொழி கற்பிப்போர் இச்சிறு ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்; நிறத்துக்குப் பெயரிட்ட கணமே அது வேறோர் அறைக்கு மாறிவிடுகிறது என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வு புகழ்பெற்றதற்கு அதன் அடுத்த பகுதியே காரணம். சதுரங்களுக்குப் பதிலாக, நிறமும் சாய்வும் உடைய கோட்டுத் துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு முறை நிறத்தை மட்டும் கேட்டார்கள். ஒரு முறை சாய்வை மட்டும். மற்றொரு முறை இரண்டில் எதுவும் மாறக்கூடும் என்றார்கள். இரண்டையும் நினைவில் வைத்தவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தவர்களுக்குப் பின்தங்கவில்லை. நிறம், சாய்வு, அளவு, இடையில் வெட்டு உண்டா இல்லையா என நான்கு பண்புகளைச் சேர்த்தபோதும் நிலைமை அவ்வாறே இருந்தது. நினைவின் அலகு பண்பன்று, பொருளே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். நான்கு பொருள்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு பொருளும் தன் பண்புகளை எல்லாம் சுமந்துகொண்டே உள்ளே வரும். கூடுதல் பண்புக்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

இவ்விடத்தில் நம் இலக்கணத்தை நினைக்காமல் இருக்க இயலவில்லை. பண்புத்தொகையை விளக்கும் தொல்காப்பியம் நிறம், உருவம், அளவு, சுவை போன்ற பண்புகளை எண்ணிக் காட்டுகிறது. கருங்குதிரை என்னும் சொல்லில் கருமையும் குதிரையும் ஒட்டி ஒரு சொல்லாகிவிடுகின்றன. பண்பு என்றும் பண்பி என்றும் பிரித்துப் பார்ப்பவர் இலக்கணம் கற்றவர். பேசுபவர் வாயிலிருந்து வருவதோ ஒரே சொல். லக், வோகல் கருத்துப்படி காட்சிச் செயல்நினைவும் இவ்வாறே தொகைநிலையில்தான் இயங்குகிறது. இது ஓர் ஒப்புமையே. இலக்கணத்திலிருந்து மூளையின் இயல்பை நாம் வருவிக்கவில்லை.

ஆனால் இத்தொகைநிலைக் கொள்கை முழுதாக நிலைக்கவில்லை. 2002இல் மேரி வீலர், ஆன் டிரீஸ்மன் ஆகியோர் ஒரே பொருளில் இரு நிறங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நிறமும் சாய்வும் ஒரு பொருளில் எளிதாக அடங்கியது போல இரு நிறங்கள் அடங்கவில்லை. ஒரே வகைப் பண்புகள் தமக்குள் இடத்துக்குப் போட்டியிட்டன. 2011இல் டேரில் ஃபௌக்னி, ஜார்ஜ் ஆல்வரெஸ் இருவரும் மற்றொன்றைக் கண்டார்கள். ஒரு பொருளின் நிறத்தை மறந்தவர் அதன் சாய்வைச் சரியாகச் சொல்வதுண்டு. சாய்வை மறந்தவர் நிறத்தைச் சொல்வதுமுண்டு. தொகை உண்மையிலேயே பிரியாதது என்றால், ஒன்று போகும்போது மற்றதும் உடன் போயிருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் தேவையற்ற பண்பைப் பற்றிய வினா கூர்மையடைகிறது. பொருளோடு எல்லாப் பண்பும் ஒட்டியே வருமென்றால், ‘நிறத்தை மட்டும் பாருங்கள்’ என்னும் கட்டளைக்கு மனம் பணிய இயலாது. பண்புகள் பிரியக்கூடியவை என்றால் பணிய இயலும். ஒருவர் தம் நினைவுக்குள் எது நுழைய வேண்டும் என்பதைத் தாமே தேர்ந்துகொள்ள வல்லவரா என்பதே இங்குள்ள வழக்கு.

‘இயலாது’ என்பதற்கு வலுவான சான்று லூயிஸ் மார்ஷல், பால் பேஸ் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு. சரியா தவறா என்று கேட்பதை விட்டு, நினைவில் உள்ள நிறமோ சாய்வோ எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதை அளந்தார்கள். தேவையற்ற பண்பைப் படத்திலிருந்தே நீக்கிவிட்டால் தேவையான பண்பின் துல்லியம் கூடியது. ஆனால் அப்பண்பை அங்கேயே வைத்துவிட்டு, ‘இதை நாங்கள் கேட்கப்போவதில்லை’ என்று முன்கூட்டியே அறிவித்ததால் எந்த நன்மையும் விளையவில்லை. இரண்டையும் நினைவில் வைத்திருந்தவரின் துல்லியம் எவ்வளவோ, ஒன்றை மட்டும் வைத்தால் போதும் என்று அறிந்தவரின் துல்லியமும் அவ்வளவே. பொருளைக் கவனித்தால் போதும், அதன் பண்புகள் எல்லாம் தாமே உள்ளே வந்து இடத்தைச் செலவழிக்கின்றன என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அறிவிப்பினால் பயனில்லை, அகற்றுவதாலேயே பயன் என்னும் இம்முடிவு ஆசிரியர்களை உற்றுப்பார்க்கத் தூண்ட வேண்டிய ஒன்று.

சீனத்தின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே பக்கம் சாய்கிறார்கள். அவர்களுடைய சோதனைகளில் வடிவத்தைக் கேட்டபோது நிறம் மட்டும் மாறினால், மாற்றம் வினாவுக்குத் தொடர்பில்லாததாக இருந்தும் அது பார்ப்பவரைத் தொந்தரவு செய்தது. கேளாத நிறம் நினைவில் இல்லாவிட்டால் அது மாறியதை எவ்வாறு உணர்வது? அவர்கள் ஒரு வேறுபாட்டையும் காட்டினார்கள். பார்த்தவுடன் பளிச்சென்று தெரியும் பண்புகளே இவ்வாறு அழையாமல் நுழைகின்றன. உற்றுநோக்கினால்தான் தெரியும் நுண்விவரங்கள் அவ்வாறு வருவதில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகளும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. 2009இல் ஜான் செரென்சஸ் குழுவினர், நினைவில் வைத்திருக்கும் நேரத்தில் மூளையின் முதன்மைக் காட்சிப் புறணியில் நிகழும் இயக்கத்தைப் படமெடுத்தார்கள். காட்டப்பட்ட கோட்டுப் படத்துக்கு நிறமும் இருந்தது, சாய்வும் இருந்தது. சாய்வை நினைவில் வைக்கச் சொன்னபோது இயக்கத்தின் கோலத்திலிருந்து சாய்வைக் கண்டுகொள்ள முடிந்தது, நிறத்தைக் கண்டுகொள்ள முடியவில்லை. நிறத்தை நினைவில் வைக்கச் சொன்னபோது மறுதலையாக நடந்தது. மூளை கேட்டதை மட்டுமே காத்துவைத்திருந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றும்.

இவ்விரு பக்கங்களையும் இணைக்கும் பாலம் யாவ்டா ஷு 2010இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது என்பது எம் கருத்து. பொருள்களின் நிறத்தை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, வடிவத்தைக் கையாளும் மூளைப்பகுதி என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். நினைவில் வைக்க வேண்டிய நிறங்கள் சிலவாக இருந்தபோது கேளாத வடிவமும் அப்பகுதியில் கையாளப்பட்டது. நிறங்கள் பலவாகிச் சுமை கூடியபோது அக்கையாளல் குன்றியது. மேலும் அவ்வாறு நுழைந்த வடிவம் நெடுநேரம் தங்கவில்லை. உள்ளே வருதல் வேறு, உள்ளே காக்கப்படுதல் வேறு என்று பிரித்துக்கொண்டால் முன்னைய முரண்களில் ஒரு பகுதி தளர்ந்துவிடுகிறது. விருந்துக்கு அழைத்தவரோடு அழையாதவரும் வாயிலைத் தாண்டிவிடலாம். இலை போடும்போது இடம் யாருக்கு என்பது பின்னரே தெரியும். எனினும் எல்லா முரணும் தீர்ந்ததென்று சொல்லமாட்டோம். மார்ஷல், பேஸ் கண்ட இழப்பு நினைவை மீட்கும் நேரத்திலும் இருந்ததே என்று கேட்பவருக்கு இப்பாலம் முழு விடை தராது.

இதுவரை கண்ட ஆய்வுகள் எல்லாம் கேளாத பண்பை மறைமுகமாகவே அளந்தன. நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன? இங்கே ஒரு வேடிக்கையான இடர் குறுக்கிடுகிறது. ‘அதன் நிறம் என்ன?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை நிறம் தேவையற்ற பண்பாக இராது. அவர் இனி அதையும் கவனிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே ஒருவரிடம் இவ்வினாவை வாழ்வில் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். ஒருவரிடமிருந்து ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். ஆயிரம் முறை அளந்து சராசரி காணும் பழக்கமுடைய ஆய்வுக்கூடத்துக்கு இது பெரிய தடை.

ஹொங்சுப் ஷின், வெய் ஜி மா இருவரும் 2016இல் இத்தடையை ஆள்பலத்தால் கடந்தார்கள். இணையத்தின்வழி ஒவ்வொரு சோதனைக்கும் 600 பேரைத் திரட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் 30 முறை ஒரே பண்பைக் கேட்டார்கள். பின்னர் எதிர்பாராத வகையில் ஒரே ஒரு முறை மற்றப் பண்பைக் கேட்டார்கள். 600 விடைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நினைவிலிருந்து பண்பின் மதிப்பை அப்படியே மீட்டுக் காட்டச் சொன்ன சோதனையில் கேளாத பண்பின் தடம் தெரிந்தது. ஆனால் அது மிக மங்கலாக இருந்தது. அதே பண்பு கேட்கப்படும் பண்பாக இருந்தபோது காணப்பட்ட துல்லியத்துக்கு அருகில்கூட வரவில்லை. எந்தப் பொருள் மாறியது என்று சுட்டச் சொன்ன சோதனையிலோ அந்த மங்கல் தடமும் புலப்படவில்லை. உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்த நீண்ட வழக்கில், ‘உண்டு, ஆனால் சிறிதளவு’ என்னும் இவ்விடை எமக்கு மிகவும் பிடித்தது.

ஹூய் சென், பிராட் வைபிள் ஆகியோர் 2015இல் செய்தது இதனினும் வியப்பூட்டும். மூன்று எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து. அவ்வெழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பலமுறை இவ்வாறே கேட்டுவிட்டுத் திடீரென ஒருமுறை ‘அது என்ன எழுத்து?’ என்று நான்கு விடைகளைக் கொடுத்துக் கேட்டார்கள். எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் அது எண்ணன்று என்பதை அறிந்தே கண்டுபிடித்தார்கள். ஒரு நொடிக்கு முன் அதைப் பார்த்துமிருந்தார்கள். ஆயினும் பலரால் சொல்ல இயலவில்லை. விடைகள் குருட்டுக் கணிப்பின் அளவிலேயே இருந்தன. அடுத்த முறை அதே வினாவைக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். கண்ணும் கவனமும் முன்போலவே இருந்தன. ‘கேட்பார்கள்’ என்னும் எதிர்பார்ப்பு ஒன்றே புதிதாக வந்து சேர்ந்தது.

வாழ்க்கைக்கு நெருக்கமான சோதனைகளிலும் இதையே காண்கிறோம். 2003இல் யோகன் டிரீஷும் உடனாய்வாளர்களும் கணினி உருவாக்கிய மெய்ந்நிகர் உலகில் செங்கல் போன்ற கட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னார்கள். கையில் எடுத்துச் செல்லும்போதே சில கட்டைகளின் உயரம் மாறியது. உயரத்தைப் பார்த்து எடுக்கவும், உயரத்தைப் பார்த்து வைக்கவும் வேண்டியிருந்தவர்கள் மாற்றத்தை மிகுதியாகக் கண்டுகொண்டார்கள். உயரம் எதற்கும் தேவைப்படாதவர்கள் தம் கண்முன்னே கட்டை வளர்ந்ததையும் குறைந்ததையும் பெரும்பாலும் காணவில்லை. அதற்கு முன்பே, 1995இல், டேனா பாலார்ட், மேரி ஹேஹோ முதலியோர் வண்ணக் கட்டைகளால் ஆன ஒரு கோலத்தைப் பார்த்து அமைக்கச் சொல்லிக் கண்ணசைவைப் பதிவு செய்திருந்தார்கள். ஒரு கட்டைக்காகக் கண் பலமுறை மூலத்தை நோக்கி இருதடவை சென்றது: முதலில் நிறத்துக்காக, பிறகு இடத்துக்காக. முதற்பார்வையிலேயே இரண்டையும் வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். மனமோ சுமப்பதைவிட மீண்டும் பார்ப்பதையே மலிவாகக் கருதியது. வெண்பலகைக்கும் ஏட்டுக்கும் இடையே தலையை ஓயாமல் தூக்கித் தாழ்த்தும் சிறுவனைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்ளுமுன் இந்த ஆய்வை நினைவுகூர்வது நன்று.

பண்புகளுள் ஒன்று மட்டும் இவ்வொழுங்குக்குள் அடங்காமல் நிற்கிறது. அது இடம். 2000இல் யூஹொங் ஜியாங் முதலியோர் நிறத்தை மட்டும் கேட்டபோதும், சதுரங்களின் அமைவை மாற்றினால் நிற நினைவே கெட்டது. நிறமோ சாய்வோ தேவையற்றபோது ஓரளவு விலகி நிற்கும். இடம் அவ்வாறு எளிதில் விலகுவதில்லை. பக்கத்தின் வலப்புறம் மேல்மூலையில் படித்தோம் என்பது நினைவிருந்து, படித்த வரி மறந்துபோகும் அனுபவம் பலருக்கும் உண்டு. அது இதனோடு உறவுடையதாகத் தோன்றினாலும் அங்கே நெடுங்கால நினைவும் கலந்துவிடுவதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாகாது.

இனி வகுப்பறைக்கு வருவோம். ண, ன ஆகிய எழுத்துகளை வேறுபடுத்துவது சுழிகளின் எண்ணிக்கை. அதுவே அங்குத் தேவையான பண்பு. எழுத்தின் நிறம், பருமன், அட்டையின் ஓரத்தில் வரைந்த பூ ஆகியன தேவையற்றவை. இவற்றுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. பூ தனிப்பொருள், நிறம் எழுத்தின்மேலேயே படிந்த பண்பு. தேவையற்ற தனிப்பொருளைத் தள்ளிவைக்கும் திறன் ஆளுக்காள் வேறுபடும் என்பதை வோகலும் உடனாய்வாளர்களும் 2005இல் காட்டினார்கள். கொள்ளளவு குறைந்தவர்களே தேவையற்றவற்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அன்னா ஃபிஷர் குழுவினர் 2014இல் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரிடம் நடத்திய ஆய்வு நேரடியாக வகுப்பறையைத் தொடுகிறது. சுவர் முழுதும் அலங்கரித்த அறையில் கற்ற பாடங்களில் சராசரியாக 42 விழுக்காடும், வெறுஞ்சுவர் அறையில் கற்றவற்றில் 55 விழுக்காடும் சரியான விடைகள் கிடைத்தன. எண்ணிக்கை சிறிது என்பதால் இதைக் கொண்டு எல்லாச் சுவர்களையும் வெள்ளையடிக்கச் சொல்ல மாட்டோம்.

எழுத்தின்மேல் படிந்த வண்ணத்தை அவ்வாறு பொதுவாகக் குற்றம் சொல்லவும் இயலாது. ‘கொ’ என்னும் உயிர்மெய்யில் முன்னும் பின்னும் நிற்கும் குறிகளைச் சிவப்பாகவும் ககரத்தைக் கருப்பாகவும் எழுதினால், வண்ணம் அங்கே பாடத்தின் பகுதி. எது குறி, எது மெய்யின் உரு என்பதை அது பிரித்துக் காட்டுகிறது. அதே அட்டையில் அழகு கருதி எழுத்துக்கு எழுத்து வண்ணம் மாற்றினால், பளிச்சென்று தெரியும் ஒரு தேவையற்ற பண்பைப் பிள்ளையின் சிறிய கொள்ளளவுக்குள் நாமே அனுப்பிவைக்கிறோம். பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடும் அளவுக்கு எழுத்துப் பழகிய மாணவருக்கு இது பெரிய இழப்பாக இராது. சுழிகளை எண்ணி எண்ணி அறியும் நிலையில் இருப்பவருக்கே இழப்பு மிகுதி என்று எதிர்பார்க்கலாம்.

இச்செய்திகளை மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்க விரும்பினால் கருவி எதுவும் வேண்டியதில்லை. பன்னிரண்டு அட்டைகளில் அட்டைக்கு ஒன்றாகத் தடித்த கோட்டை வரைந்துகொள்க. கோடுகளின் சாய்வு அட்டைக்கு அட்டை மாறட்டும், நிறம் நான்கனுள் ஒன்றாக இருக்கட்டும். அட்டையை ஒரு நொடி காட்டி மறைத்து, ஐந்து எண்ணிய பின் சாய்வைத் தாளில் வரையச் சொல்க. பத்து அட்டைகள்வரை இவ்வாறே செய்து, பதினோராவதில் முன்னறிவிப்பின்றி நிறத்தை எழுதச் சொல்க. 32 பேர் உள்ள வகுப்பில் வெறும் கணிப்பால் மட்டுமே எட்டுப்பேர் அளவில் சரியாக எழுதக்கூடும். எட்டுக்கு மேல் எத்தனை பேர் என்பதே பார்க்கவேண்டியது. ஒரே அட்டை என்பதால் நினைவுச் சுமை மிகக் குறைவு. ஆகவே எட்டைத் தாண்டிப் பலர் சரியாக எழுதினாலும் வியப்பதற்கில்லை. பன்னிரண்டாவதிலும் நிறத்தையே கேட்டு, இரு விடைத்தொகைகளையும் ஒப்பிடுக. விடைகளை வாய்விட்டுச் சொல்ல விடக்கூடாது. ஒருவர் ‘நீலம்’ என்றால் மற்றவர் நினைவும் நீலமாகிவிடும். இரு வகுப்புகளில் செய்வதானால் ஒரே நேரத்தில் செய்வது நல்லது. இடைவேளை மணி அடித்த ஐந்து நிமிடத்தில் ‘நிறத்தையும் பார்த்துக்கொள்’ என்னும் செய்தி அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.